அடைமழையிலிருந்து தூறலுக்கு

காலையில் வேலைக்கு வந்ததும் அமலோற்பவம் முதல் காரியமாக ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் பள்ளிப் பருவத்தைச் சின்ன இடமாகப் பார்த்து மாற்றி வைத்தாள். அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் கணக்கு வாத்தியாரை மட்டும் மாற்றாமல் கைவிட்டாள். அடுத்து வந்த கல்லூரிப் பெண், தன் முதல் காதலை அழிக்கவும் வேண்டாம், அடிக்கடி எதிரே வரவும் வேண்டாம், நடுத்தரமாக ஏதாவது செய்யுங்கள் என்றாள். அதற்கும் ஒரு திட்டம் இருந்தது. அந்தக் காதலை மேல் அடுக்கு ஒன்றில் ஏற்றிவிட்டு அமலோற்பவம் தேநீர் குடிக்கப் போனாள். மற்ற எல்லாச் செவ்வாய்க்கிழமைகளையும் போல ஒரு செவ்வாய்க்கிழமை.

திருச்சி தில்லைநகரில் முகிலகத்தின் கிளை அலுவலகம் இருந்தது. அங்கே அவள் திட்டமாற்று அலுவலர். நீளமான பழைய பெயர்கள் அந்த நூற்றாண்டில் மறுபடி நாகரிகமாகியிருந்ததால் அவள் பெயரை யாரும் சுருக்குவதில்லை. சுருக்கினால் அவளுக்குக் கோபம் வரும்.

முகிலகம் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குக் காது குத்தும் நாளில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, வலது காதுக்குப் பின்னால் மிளகளவு மணி ஒன்றையும் பொருத்திவிடுவார்கள். அதற்குச் செவிமணி என்று பெயர். கண் பார்ப்பது, காது கேட்பது, மூக்குக்கு வருவது, நாக்கிலும் தோலிலும் படுவது எல்லாவற்றையும் வாங்கி அது முகிலகத்துக்கு அனுப்பிவிடும். மேலே பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனிதத் தலை தன் பங்கைக் கைகழுவிவிடும். அதற்கு அந்தச் சோம்பேறித்தனம் பிறவியிலேயே உண்டு. வேண்டும்போது மணியைத் தட்டினால் அன்றைய வெயில், அன்றைய வாசனை, அன்றைய சந்தோஷம் உட்பட அந்த நாள் திரும்ப வந்துவிடும். ஆகவே எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று ஊரே நிம்மதியாக இருந்தது.

இதில் தூறல், சாரல், மழை, அடைமழை என்று திட்டங்கள். தூறலில் இடம் கைக்குட்டை அளவுதான். எது வேண்டும் என்று தானே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். நிறைந்துவிட்டால் ஒன்றை எடுத்துப் போட்டுத்தான் இன்னொன்றை வைக்க முடியும். அடைமழையில் அந்தத் தலைவலியே கிடையாது. விழித்ததிலிருந்து உறங்கும்வரை எல்லாம் தானாகப் போய்ச் சேரும். சேர்ந்துகொண்டிருக்கும்போது செவிமணி பச்சையாக எரியும். ஒரே ஒரு சங்கடம், தன் காதுக்குப் பின்னால் இருப்பதைத் தானே பார்க்க முடியாது, பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். "எரியுதா?" "எரியுது." காவிரிப் பாலத்தில், கல்யாணப் பந்தியில், பிரசவ அறை வாசலில், எங்கு போனாலும் இந்தப் பேச்சுத்தான். சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிற வழக்கம் போய், தெருவில் எதிர்ப்பட்டவர்களும் எரியுதா என்றே விசாரித்துக்கொண்டார்கள்.

கணவன் மனைவிக்கு இணைத்திட்டம் என்று தனியாக உண்டு. ஒரே சம்பவத்தை இரண்டு பேருக்காக இரண்டு தடவை வைப்பது வீண் அல்லவா? இருவர் நினைவையும் ஒன்றாகக் குழைத்து ஒரே பிரதியாக வைத்துவிடுவார்கள். இது ரொம்ப வசதியாக இருந்ததால் அரசாங்கம் கல்யாணப் பதிவு அலுவலகங்களை இழுத்து மூடிவிட்டது. இணைத்திட்டத்தில் சேர்ந்தால் கல்யாணம். பிரித்து இரண்டு தனித்திட்டமாக மாற்றிக்கொண்டால் விவாகரத்து. அதனால் ஊர்க் குடும்பச் சிக்கல்களில் பாதி அமலோற்பவத்தின் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அவள் சட்டம் படித்தவள் இல்லை. வாடிக்கையாளரை ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் சிதறாமல் மாற்றத் தெரியும், அவ்வளவுதான்.

மாற்றுவதற்கு அவள் மேஜையில் ஒரு கண்ணாடித் தகடு பதித்திருந்தது. அதைத் தட்டு என்பார்கள். பழைய திட்டத்திலிருந்து இறக்கிய நினைவுகள் புதிய திட்டத்தில் ஏறும்வரை தட்டில் தங்கும். ஏறி முடிந்ததும் உள்ளங்கையால் தட்டை ஒரு தடவை துடைத்துவிட வேண்டும். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

அவள் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது லால்குடியிலிருந்து கோதண்டம், அலமேலு என்று ஒரு தம்பதி காத்திருந்தார்கள். அவர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளர். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இணைத்தூறலிலேயே காலம் தள்ளியவர்கள். வெளியூரில் இருக்கும் மகள் அடைமழைத் திட்டத்தைக் கல்யாண நாள் பரிசாக அனுப்பியிருந்தாள்.

"பொண்ணு ஒரே பிடிவாதம் மேடம். இன்னும் தூறல்லயா இருக்கீங்க, வெளியில சொன்னா சிரிப்பாங்கங்குது" என்றார் கோதண்டம்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க சார். இனிமே நீங்க எதையும் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். எல்லாம் தன்னால ஏறிக்கும்."

அலமேலுவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "தினம் சாப்ட்டு முடிச்சதும் நாங்க உக்காந்து, இன்னைக்கு எதை வைக்கிறது, எதை எடுத்துப் போடுறதுன்னு சண்டை போடுவோம். இவரு போன வருஷம் தின்ன பலாப்பழத்த எடுத்துப் போடவே விடமாட்டாரு. பழசு ஒவ்வொண்ணையும் தொறந்து பாத்து, சிரிச்சு, அழுதுன்னு நேரம் போறதே தெரியாது. அதெல்லாம் இனிமே எப்படி?"

"அந்தத் தொல்லை இனிமே கிடையவே கிடையாதும்மா" என்றாள் அமலோற்பவம், நல்ல சேதி சொல்லும் முகத்தோடு.

அலமேலு கணவனைப் பார்த்தாள். "அப்ப பலாப்பழம் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். கோதண்டம் பெரிய வழக்கில் ஜெயித்தவர்போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தூறலிலிருந்து இறங்கித் தட்டுக்கு வந்தது கொஞ்சம்தான். இருந்தாலும் அமலோற்பவம் அவ்வளவு தேய்ந்த நினைவுகளை அதுவரை பார்த்ததில்லை. திறந்து திறந்து பார்த்து ஓரமெல்லாம் மழுங்கிப்போய், அடிக்கடி உடுத்திய பருத்திப் புடவை மாதிரி இருந்தன. அவற்றை அடைமழையில் ஏற்றினாள். இருவர் காதுக்குப் பின்னாலும் பச்சை விளக்கு பிடித்துக்கொண்டது. "எரியுதா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தாள். இருவரும் வெட்கப்பட்டுக்கொண்டே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

அடுத்த கணம் கூரை அவளைக் கூப்பிட்டது. அந்தக் கிளைக்கு மனித மேலாளர் கிடையாது. கூரைக்குள் இருந்த ஒரு குரல்தான் நிர்வாகம் செய்தது. ஊழியர்கள் அதை மேலவர் என்றார்கள். தூறலிலிருந்து ஒரே தாவலில் அடைமழைக்கு ஒரு தம்பதியை ஏற்றிய சாதனைக்காக நடைபாதைக்கு வந்து நிற்கும்படி மேலவர் சொன்னார். அவள் போய் நின்றாள். கைதட்டல் ஒலித்தது. கைதட்ட ஆட்கள் இல்லாததால் அதையும் மேலவரே ஒலிபரப்பினார். பக்கத்து மேஜை நூர்ஜஹான் மட்டும் எட்டிப் பார்த்து நிஜமாகவே இரண்டு தட்டுத் தட்டினாள். இந்தப் பெருமையில் அமலோற்பவம் தட்டைத் துடைக்க மறந்துபோனாள்.

திரும்பி வந்தபோது மேஜைக்கு எதிரே வேறொரு தம்பதி. மாசிலாமணி தொங்கூர்தி நிலையத்தில் பொறியாளர். வசுமதி, வீட்டு ரோபோக்களுக்குச் சமையல் பழக்கும் பள்ளியில் ஆசிரியை. ரசத்துக்கு எப்போது தீயை அணைக்க வேண்டும் என்பதை இயந்திரத்துக்குப் புரியவைப்பதிலேயே தொண்டை கட்டிப்போனவள். கல்யாணத்தன்றே அடைமழையில் சேர்ந்தவர்கள். இப்போது பிரித்துக்கொள்ள வந்திருந்தார்கள். இரண்டு நாற்காலிக்கும் நடுவே வசுமதியின் கைப்பைக்கு ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"காரணம்னு ஏதாவது சொல்லணும் சார்" என்றாள் அமலோற்பவம்.

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். "காரணம்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லையே."

"சண்டையா?"

"சண்டை போடக்கூட எங்ககிட்ட ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் வசுமதி. பிறகு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "இவரப் பத்தி நினைச்சா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. கோவம்கூட வரல. ஒரு மனுஷன்கூட இத்தனை வருஷம் இருந்துட்டு ஒண்ணுமே தோணலைன்னா அது என்ன? எனக்குப் பயமா இருக்கு."

மாசிலாமணி தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான்" என்றார். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்போல. அமலோற்பவத்துக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அடித்துக்கொண்டு வருகிற ஜோடிகளைப் பார்த்தால் அவளுக்குக் கவலையே வராது. அவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே சமாதானமாகித் திரும்பிவிடுவார்கள். இப்படி அமைதியாக வருகிறவர்கள் பிரியாமல் போனதில்லை.

சட்டப்படி பிரிப்பதற்கு முன்பு விடைத்துளி காட்ட வேண்டும். பொது இருப்பிலிருந்து, எதை அதிகம் திறந்து பார்த்திருக்கிறார்களோ அதில் மூன்று துளிகளை முகிலகமே எடுத்துக் கொடுக்கும். இருவரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அனுபவித்துவிட்டு, அதன் பிறகும் பிரிவதாகச் சொன்னால் பிரித்துவிடலாம். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த முகம் யாருக்குச் சொந்தம் என்று பிரிவினை முடியாமல் தீர்மானிக்க முடியாது என்பதால், துளிகளில் முகங்களெல்லாம் புகை மூடியிருக்கும். குரல்களையும் ஒன்றுபோல ஆக்கியிருப்பார்கள். குழைத்து வைத்த பிரதி ஆனதால், இரண்டு பேருக்கும் நடுவே நின்று பார்ப்பதுபோலத்தான் இருக்கும். நினைவின்மேல் நினைவு ஏறிக் குழம்பாமல் இருக்க, பார்த்து முடிக்கும்வரை இருவர் செவிமணியையும் அணைத்து வைப்பார்கள்.

அமலோற்பவம் அவர்கள் இருப்பை இறக்கச் சொல்லிவிட்டு மணிகளை அணைத்தாள், அறைக்கதவைச் சாத்தினாள், தட்டில் இருந்த துளிகளைத் திறந்துவிட்டாள். தட்டில் இருந்தவை யாருடையவை என்று நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

முதல் துளியில் மழை. பெட்டிக்கடை ஒன்றின் தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு பேர். தார்ப்பாய் கிழிந்திருந்ததால் ஒருவர் நனைந்தால்தான் இன்னொருவர் நனையாமல் நிற்கலாம். கையில் ஒரே ஒரு தேநீர். "நீ குடி." "நீங்க குடிங்க." கடைசியில் பாதி தேநீரும் பாதி மழையுமாக அதை இருவரும் குடித்தார்கள். இரண்டாவது துளியில் காய்ச்சல். தைல வாசனை. நெற்றியில் ஈரத்துணி போடும் ஒரு கை, துணி சூடானதும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நனைக்கப் போகிறது. மூன்றாவதில், குடிவந்த வீட்டின் வெறும் தரை. சுற்றிலும் மூட்டைகள். ஒரே பொட்டலத்துத் தயிர்சாதத்துக்கு நடுவே பல்லி ஒன்று தொப்பென்று விழ, சாதம் போய்விட்டதே என்று வருத்தப்பட வேண்டியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிப்பு நிற்கவே இல்லை.

கதவைத் திறந்தபோது வசுமதி அழுதுகொண்டிருந்தாள். மாசிலாமணி எழுந்திருக்கவில்லை.

"அந்த டீ..." என்றார்.

"நீங்கதான் எனக்குக் குடுத்தீங்க. நீங்க நனைஞ்சீங்க" என்றாள் வசுமதி.

"இல்ல, நீதான் பாதி வச்சிருந்தே. துறையூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

"துறையூரா? பெரம்பலூருங்க! துறையூர்ல தார்ப்பாய் ஏது?"

"ஏன், துறையூர்ல தார்ப்பாய் இருக்கக்கூடாதா?"

அவர்கள் சண்டை போட்டார்கள். அமலோற்பவத்துக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கைநீட்டிப் பேசி, துறையூரிலும் பெரம்பலூரிலும் மாறி மாறி நனைந்து, கடைசியில் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடிக்க வேண்டும் என்று வசுமதி சொன்னாள். போகிற அவசரத்தில் செவிமணியை மறுபடி எரியவைத்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை. கைப்பையை மாசிலாமணி தூக்கிக்கொண்டு போனார்.

அமலோற்பவம் திருப்தியோடு வந்து உட்கார்ந்து, தட்டைத் துடைக்கக் கையை நீட்டினாள். தட்டின் மூலையில் பெயர் இருந்தது. கோதண்டம், அலமேலு, லால்குடி.

துடைக்காமல் கையை எடுத்து, மேலிருந்த இருப்பைத் தேடினாள். மாசிலாமணி வசுமதியின் இருப்பு மேலேயிருந்து இறங்கவே இல்லை. தட்டு காலியாகாததால் அடைமழையிலேயே காத்துக்கிடந்தது. அதன் முகப்பை மட்டும் பார்த்தாள். கடலளவு இருப்பு. திறந்து பார்த்த தடவை: இல்லை. ஒன்றுகூட, ஒரு முறைகூட இல்லை.

நடந்ததை மேலவரிடம் சொன்னாள்.

"வாடிக்கையாளர் போய்விட்டாரா, இருக்கிறாரா?" என்று கேட்டது கூரை.

"பிரியாம இருக்காங்க. ஆனா அடுத்தவங்க நினைவைப் பார்த்துட்டு."

"இருக்கிறார்கள் என்றால் தவறு நடக்கவில்லை. தவறு நடந்திருந்தால் போயிருப்பார்கள்."

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு குடும்பம் இரவல் டீயில் நிற்கிறது, அதை ஊற்றிக் கொடுத்தவள் நீ என்று உள்ளே ஏதோ குத்திக்கொண்டே இருந்தது. சொன்னால் அவர்கள் பிரிந்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் ஆயுள் முழுக்கப் பொய் சொன்னவளாவாள். நூர்ஜஹானிடம் கேட்டாள். "வாயை மூடிக்கிட்டு இருடி" என்றாள் நூர்ஜஹான். நல்ல யோசனைதான். அமலோற்பவத்தால் முடியவில்லை. எழுந்து தெருவைக் கடந்து டீக்கடைக்குப் போனாள்.

அவர்கள் ஒரு டீ வாங்கி இரண்டு பேரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடையில் வேறு யாருக்கும் இடம் தராமல் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். இருவர் காதுக்குப் பின்னாலும் விளக்கு எரியவில்லை.

அவள் சொல்லிவிட்டாள். ஒன்றும் மறைக்கவில்லை. தட்டைத் துடைக்க மறந்தது, வேறு ஒருவருடைய துளிகள், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "உங்களோடது பத்திரமா இருக்கு. வாங்க, காட்டுறேன். பார்த்துட்டு நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி" என்றாள்.

வசுமதியின் முகம் சுருங்கியது. மாசிலாமணி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து அவள் பின்னால் வந்தார்கள்.

இந்த முறை அமலோற்பவம் தட்டை இரண்டு தடவை துடைத்தாள். பெயரை உரக்கப் படித்தாள். திறந்து பார்த்தது எதுவும் இல்லாததால் முகிலகம் தானாகவே மூன்று முக்கியமான நாட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. இருவரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள்.

முதல் துளியில் கல்யாணப் பந்தல். கெட்டிமேளம் காதைப் பிளக்கிறது. புகை மூடிய முகம் ஒன்று புகை மூடிய இன்னொரு முகத்தின் பக்கம் சாய்ந்து கேட்கிறது. "எரியுதா?" "எரியுது." இரண்டாவதில் வேளாங்கண்ணிக் கடல். சூரியன் அப்போதுதான் தண்ணீரைவிட்டு எழுகிறது. "எரியுதா?" "எரியுது. வா, கூட்டம் வர்றதுக்குள்ள கிளம்பலாம்." மூன்றாவதில் புதுவீட்டில் பால் பொங்குகிறது. "எரியுதா?" "அடுப்பா, மணியா?" "மணிதான்." "அது எரியுது." பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகும் வாசனை துல்லியமாகப் பதிந்திருந்தது. யாரும் பாலைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது வசுமதியின் கண்ணில் ஈரம் இல்லை. கோபம் இருந்தது.

"இது எங்களது இல்ல" என்றாள்.

"இதுதான் உங்களதும்மா. பேரு பாருங்க."

"பேரு மாறி வந்திருக்கும். காலையில மாறி வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" அவள் ரோபோக்களை அதட்டும் குரல் இப்போது வெளியே வந்தது. "தாலி கட்டுற நேரத்துல போய் நான் எரியுதான்னு கேட்டுக்கிட்டு இருப்பேனா? யாரோ விவஸ்தை இல்லாததுங்க. கடலுக்குப் போயிட்டுக் கடலப் பாக்காம வந்திருக்குதுங்க. அதைக் கொண்டாந்து எங்க தலையில கட்டப் பாக்குறீங்க."

"மேடம், தயவுசெஞ்சு கேளுங்க..."

"எங்க ஞாபகம் எங்களுக்குத் தெரியாதா?" என்றார் மாசிலாமணி. அதுவரை அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்த டீ இன்னும் என் நாக்குல இருக்குங்க. துறையூர்."

"பெரம்பலூர்" என்றாள் வசுமதி.

அமலோற்பவம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நிரூபித்தும் காட்டியாகிவிட்டது. இதற்குமேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? அந்தப் பாரம் தன்மேல் இருந்து இறங்கியதில் அவளுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷமும் இருந்தது.

மாசிலாமணி அதோடு விடவில்லை. "அடுத்தவங்க குப்பையையும் எங்களதையும் கலக்குற இடத்துல எங்களுக்கு இவ்வளவு பெரிய இருப்பு வேண்டாம். இருக்குறதுலயே சின்ன திட்டம் எது?"

"தூறல் சார். ஆனா அதுல எல்லாத்துக்கும் இடம் இருக்காது. நீங்க எடுத்து வைக்காததெல்லாம் அழிஞ்சுரும். எதை வைக்கணும்னு சொல்லுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேளாங்கண்ணியும் கெட்டிமேளமும் தங்களுடையவை அல்ல என்று முடிவாகிவிட்டதால் வைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "காலியாவே குடுங்க" என்றாள் வசுமதி. "இன்னைக்குப் போய் ஏதாவது பாத்து வச்சுக்கறோம். எதை வைக்கிறதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கறோம்."

அமலோற்பவம் இணை அடைமழையை இறக்கினாள், இணைத்தூறலை ஏற்றினாள். கடலளவு இருப்பு தட்டில் ஒரு கணம் நின்று, உள்ளங்கையால் துடைத்ததும் போய்விட்டது. தூறலில் விளக்கு எப்போதும் எரியாது என்று அவர்களுக்குச் சொன்னாள். எதையாவது வைக்க வேண்டும்போது தட்டி எரியவைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மலைக்கோட்டைக்குப் போவதா, முக்கொம்புக்குப் போவதா என்று வாசல்வரை வாக்குவாதம் செய்துகொண்டே போனார்கள். அந்தக் குடும்பம் பிழைத்துவிட்டது என்று அமலோற்பவத்துக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதை நம்பிப் பிழைத்தது என்பதை யோசிக்காமல் இருப்பது நல்லது என்றும் தெரிந்தது.

"ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது" என்றது கூரை. "இன்றைக்குச் சமம். கைதட்டல் இல்லை."

சாயங்காலம் அலுவலகம் முடிகிற நேரத்தில் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. புதுத் திட்டத்துக்கு மாறியவர்களின் முதல் துளி ஒழுங்காகப் பதிவாகிறதா என்று மாற்றிய அலுவலரே சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கோதண்டம் அலமேலுவின் முதல் அடைமழைத் துளி தட்டுக்கு வந்து காத்திருந்தது. அவள் தன் செவிமணியை அணைத்துவிட்டு அதைத் திறந்தாள்.

லால்குடி போகும் சாலை. மதிய வெயில் காவிரி மணலில் கிடக்கிறது. சாலையோரத்தில் பலாப்பழம் அறுத்து விற்கிறார்கள். இருவரும் ஆளுக்கு ஒரு சுளை வாங்கி வாயில் போடுகிறார்கள். தேன் மாதிரி, அப்படி ஒரு பழம். ஒரு வருஷம் ஆனாலும் எடுத்துப் போட மனசு வராத பழம். அமலோற்பவத்துக்கே நாக்கில் ஊறியது. இனி அலமேலு ஏதோ சொல்லப்போகிறாள், போன வருஷத்துப் பழம் இனிப்பா, இந்த வருஷத்துப் பழம் இனிப்பா என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்ளப்போகிறார்கள் என்று அவள் காத்திருந்தாள்.

"எரியுதா பாருங்க" என்றது ஒரு குரல்.

"எரியுது. வா, பஸ் வந்துருச்சு."

துளி அவ்வளவுதான். இனிப்பு முழுசாகப் பதிந்திருந்தது. வெயில், மணல், சுளையின் வழவழப்பு, எதிலும் குறையில்லை. அவர்களைத் திரும்ப இறக்கிவிடலாமா என்று தட்டைக் கேட்டாள். வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே இறக்க முடியும் என்று பதில் வந்தது. தாங்களே தேய்த்து வைத்த அந்தப் பழைய துளிகளை அவர்கள் இனி திறப்பார்களா? அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. காலையில் கைதட்டல் வாங்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்து கூசியது. வேறு வழியில்லாமல், தரம் சரி என்று அழுத்தினாள்.

தட்டைத் துடைத்தாள். ஒரே நாளில் ஒரு குடும்பம் பிழைத்ததையும் ஒரு குடும்பம் எதையோ தொலைத்ததையும் பார்த்தாகிவிட்டது. இப்படி ஒரு நாளை வாழ்நாளில் மறக்கவே கூடாது என்று நினைத்தாள். அணைத்து வைத்திருந்த செவிமணியைத் தட்டி எரியவைத்தாள். பக்கத்து மேஜையில் பையை மாட்டிக்கொண்டிருந்த நூர்ஜஹானிடம் காதைத் திருப்பிக் காட்டினாள்.

"எரியுதா பாரேன்."

"எரியுது" என்றாள் நூர்ஜஹான். "வா, கிளம்பலாம்."